உப்பு கரையும் நாள்

ஹோல்கருக்கு அந்தக் கடிதம் மார்ச் பதினோராம் தேதி வந்தது. கண் டாக்டரம்மா அதற்கு முன்பே வாயால் சொல்லியிருந்தாள்தான். வாயால் சொன்னதை மறந்துவிட்டதாக நடிக்கலாம். அரசாங்கத் தாளிடம் அந்த நடிப்பு எடுபடாது. ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதியோடு அவருடைய ஓட்டுநர் உரிமம் முடிகிறது, இனிப் புதுப்பிக்கப்படாது என்று நாலே வரியில் எழுதியிருந்தது.

காரணம் அவருக்கே தெரியும். இரண்டு வருடமாகப் பார்வையின் வலது ஓரம் மங்கிக்கொண்டு வந்தது. முதலில் கார் இடித்துப் பக்கத்து வீட்டு வாசல் தபால்பெட்டி சாய்ந்தது. அப்புறம் சொந்தத் தபால்பெட்டி. அதை நிமிர்த்தி நட்ட மறுவாரமே மறுபடியும் அதே பெட்டி. தபால்காரர் உயிருக்குப் பயந்து கடிதங்களைச் சமையலறை ஜன்னல் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தார். இந்தக் கடிதமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அவருடைய மனைவி குன்வோர் அதை உரக்கப் படித்துவிட்டு, இனிமேல் கடைக்குப் போக நான் ஓட்டுகிறேன், இதற்கா முகத்தை இப்படி வைத்துக்கொள்வது என்றாள். கடைக்குப் போகிற கார் எக்கேடு கெட்டால் ஹோல்கருக்கு என்ன? அவர் நினைத்தது பச்சைக் காரை. பதினோரு வருடம் உயிரைக் கொடுத்து உருவாக்கிய அந்தக் காரை அவர் இன்னும் ஒரே ஒரு மீட்டர்கூடச் சாலையில் ஓட்டியதில்லை.

அது அறுபத்தாறாம் வருடத்து வோல்வோ அமேசான். ஒரு பண்ணைக் கொட்டகையில் அதைக் கண்டெடுத்தபோது பதினான்கு வருடமாக அதில் கோழிகள் குடித்தனம் நடத்தி வந்தன. ஸ்டியரிங் மேல் ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. அதைச் சமாதானப்படுத்திக் கீழே இறக்கவே அரை நாள் பிடித்தது. பின்சீட்டில் கிடைத்த முட்டை ஒன்று தவறி உடைந்தபோது மூன்று வீடு தள்ளி இருந்தவர்கள்கூட ஜன்னலைச் சாத்தினார்கள். தரைத்தகடு என்று ஒன்று இல்லவே இல்லை. உள்ளே ஏறினால் காலுக்கடியில் புல்.

பாடி வேலை எவெர்ட்டின் பொறுப்பு. எவெர்ட் பள்ளிக்கூட நாளிலிருந்து ஹோல்கரின் சிநேகிதர். நாற்பது வருடம் ஆல்வ்நேஸ் ஊரின் பல் டாக்டர். துருவைக் கண்டால் அவருக்குச் சொத்தைப் பல்லைக் கண்ட மாதிரி. சின்னக் கொக்கியால் சுரண்டி, ஊதி, மறுபடி சுரண்டி, நல்ல இரும்பு கிடைக்கும்வரை விடமாட்டார். பிறகு வெல்டிங், பட்டி, உப்புத்தாள், மறுபடி பட்டி. பைன் மரப் பச்சையில் ஒன்பது கோட்டு பெயின்ட். கதவில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். எவெர்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தும் காட்டினார்.

என்ஜின் ஹோல்கருடையது. முப்பத்தெட்டு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கை. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, இரட்டைக் கார்பரேட்டர் வைத்து, நாலு கியர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தினார். அந்த ஐந்தாம் கியருக்காக மட்டும் இரண்டு குளிர்காலம் போனது. காரைத் தாங்கிக்கட்டைமேல் நிறுத்தி என்ஜினை ஓட விடுவார். அந்த உறுமலைக் கேட்டுக் காட்டில் ஆண் மான்கள் திரும்பிப் பதில் குரல் கொடுத்தன என்று ஊரில் பேச்சு. கிளப்பி விட்டதே ஹோல்கர்தான்.

போன நவம்பரில் கார் முடிந்தது. எவெர்ட் அப்போதே சாவியைத் திருகிவிட்டார். ஒரு மணி நேரம் முன்னால்தான், உறைந்த சாலை வழுக்காமலிருக்க உப்புத் தூவிக்கொண்டே போகும் உப்பு லாரி அந்த வழியாகப் போயிருந்தது. ஹோல்கர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காருக்கு முன்னால் நின்றார். இரும்பை உப்பு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். டிப்போவில் ஒரு பஸ்ஸின் அடித்தட்டு ஓடும்போதே கழன்று விழுந்து, டிரைவர் மீதி வழியைத் தன் காலாலேயே கூட ஓடிக் கடந்தார் என்று சத்தியம் செய்வார். ஆல்வ்நேஸின் குளிர் பொல்லாதது. பகலில் உருகும், ராத்திரி உறையும், மறுநாள் மறுபடி உருகும். ஒவ்வொரு உறைச்சலுக்கும் ஒரு லாரி உப்பு. இன்னும் வடக்கே போனால் உப்பே போடமாட்டார்கள், அங்கே உப்புக்கே குளிர் தாங்காது.

அன்று சாயங்காலமே ஹோல்கர் மிச்சப் பச்சைப் பெயின்ட்டை எடுத்து கார் நிற்கும் எவெர்ட்டின் ஷெட் சுவரில் பெரிதாக எழுதினார்: சாலையில் உப்பு இருக்கும்வரை இந்தக் கார் வாசலைத் தாண்டாது. இருவரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். உப்பு இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது எவெர்ட்டின் நாக்கு என்றும் முடிவாயிற்று. இந்தப் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வசந்தத்தில் விரலால் சாலையைத் தொட்டு நக்கிப் பார்க்கிறவர்கள்தான். ஹோல்கரின் நாக்கு கணக்கில் சேராது. ஐம்பது வருடமாக உதட்டுக்கடியில் புகையிலைப் பொடியை அடக்கி வைத்திருக்கும் வாய்க்கு உப்பும் ஒன்று, சர்க்கரையும் ஒன்று.

ஆக, அவரை இப்போது பூட்டி வைத்திருந்தது அவர் கையாலேயே எழுதிய விதி.

குன்வோர் சுற்றி வளைக்கிறவள் இல்லை.

"எவெர்ட்கிட்ட லைசென்ஸ் விஷயத்த சொல்லிடு. தெரிஞ்சா சாவிய உன் கையில குடுத்துருவான்."

"பாவம் பாத்து குடுப்பான். இல்லன்னா, ஓரக்கண்ணு தெரியாதவன் கையில இந்தக் காரான்னு சொல்லி குடுக்கவே மாட்டான். ரெண்டுமே எனக்கு வேணாம்."

"வேற என்னதான் வேணும் உனக்கு?"

"மழை," என்றார் ஹோல்கர்.

நல்லதாக மூன்று மழை. மூன்று மழை பெய்தால் சாலை கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும். அதற்குள் உறையக் கூடாது, உப்பு லாரி வரக் கூடாது. நாற்பத்தெட்டு நாளில் இது நடக்காமலா போய்விடும் என்று அவர் கணக்குப் போட்டார். வானம் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மார்ச்சில் பெய்தது எல்லாம் பனி. ஒரு நாள் மழை மாதிரி ஆரம்பித்து, ஹோல்கர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் நின்று ஆனந்தமாக நனைந்துகொண்டிருக்கும்போதே ஆலங்கட்டியாக மாறி மண்டையில் அடித்தது. அன்றைக்கே உப்பு லாரி இரண்டு நடை போனது.

அப்போதுதான் அவருக்கு ஏரி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் லோங்ஷோ ஏரி உறைந்ததும் அதன்மேல் பனியை ஒதுக்கி அக்கரைக்குப் பாதை போடுவார்கள். பனிக்கட்டியில் யாரும் உப்புப் போடமாட்டார்கள். விதியும் மீறப்படாது, காரும் ஓடும். இதை எவெர்ட்டின் மண்டையில் ஏற்ற இரண்டு வாரம் ஆயிற்று. ஏரி வரைக்கும் நாலு கிலோமீட்டர் சாலை இருக்கிறதே, அதில் உப்பு இருக்கிறதே என்றார் எவெர்ட். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றார் ஹோல்கர். முன்னால் போகிற வண்டியின் சக்கரம் உப்புத் தண்ணீரைத் தெளிக்குமே என்றார் எவெர்ட். சுற்றிக் கட்டலாம் என்றார் ஹோல்கர்.

சுற்றினார்கள். தக்காளித் தோட்டத்துக்கு வைத்திருந்த அறுபது மீட்டர் பிளாஸ்டிக் தாள், எவெர்ட் வீட்டுக் குளியலறைத் திரை, குன்வோரின் இரண்டு மேஜை விரிப்பு. ஒன்றரை நாள் வேலை. முடிந்தபோது அது கார் என்று பெற்ற தொழிற்சாலையே நம்பியிருக்காது. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் அதை இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் சேர்ந்த வண்டி வரிசையைப் பார்த்துவிட்டு, ஊரில் யாரோ பெரிய மனிதர் செத்துவிட்டார் என்று ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

ஏரிக்கரையில் குறுக்கே கம்பு போட்டிருந்தது. பாதை நேற்று மத்தியானத்தோடு மூடப்பட்டது என்று பலகை.

ஹோல்கர் இறங்கிப் போய் காலால் பனிக்கட்டியைத் தட்டினார். கெட்டியாகத்தான் பட்டது. பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து மீன்பிடி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், மேலே அப்படித்தான் இருக்கும், உள்ளே குச்சி குச்சியாகப் பிரிந்துவிட்டது என்றார். ஒரு ஓட்டம் மட்டும், ஐந்தே நிமிஷம் என்று ஹோல்கர் கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"தாராளமா போங்க," என்றார் அந்த ஆள். "அதுக்கு முன்னாடி உங்க பூட்ஸ் சைஸ் சொல்லிட்டுப் போங்க. எனக்குச் சரியா இருந்தா கரையிலயே கழட்டி வெச்சிட்டுப் போகலாம்."

எவெர்ட் டிரெய்லரைத் திருப்பினார். பிளாஸ்டிக்கைப் பிரிக்க இன்னும் ஒன்றரை நாள்.

ஏப்ரல் வந்தது. ஊரில் பனி கறுத்து, ஓரங்களில் உருகி, வாய்க்காலில் தண்ணீர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரண்டு தடவை மழையும் பெய்தது. இரண்டு தடவையும் வானம் ராத்திரி பளிச்சென்று தெளிந்து, விடியும்போது சாலை கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. விடியும் முன்பே உப்பு லாரியின் மஞ்சள் விளக்கு ஹோல்கரின் படுக்கையறைச் சுவரில் சுற்றிப் போகும். அவர் கண்ணைத் திறக்காமலே, இன்னும் பதினேழு, இன்னும் பதினாறு என்று எண்ணுவார்.

அந்த லாரியை ஓட்டுகிறவள் உல்ரிகா, எவெர்ட்டின் அக்காள் மகள். லாரியின் உயரத்துக்குச் சரியாக அவளும் இருப்பாள். அவள் ஏறுவதற்குப் படி தேவையில்லை, லாரிதான் கொஞ்சம் குனிய வேண்டும் என்பார்கள். ஹோல்கர் ஒரு நாள் அவள் உப்பு ஏற்றும் கிடங்குக்கே போய்விட்டார். அங்கே உப்பு மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. உலகத்தில் உள்ள அத்தனை காரையும் தின்று தீர்க்கப் போதுமான உப்பு.

எவெர்ட் வீட்டு வாசலிலிருந்து பாலம் வரைக்கும் ஆறு கிலோமீட்டர், அதை மட்டும் ஒரு வாரம் விட்டுவிட முடியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அவள் சிரித்தாள். பிறகு அவர் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தினாள். எங்கே எவ்வளவு போட வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து திரையில் வரும், அவள் கையில் இருப்பது ஒரே ஒரு பொத்தான் என்றாள். பொத்தானை அழுத்த மறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார் ஹோல்கர்.

"வெச்சிக்கலாம் மாமா. அடுத்த நாள் காலைல ஸ்கூல் பஸ் வருமே, அது வழுக்கினா என்ன சொல்றது? நீங்கதான் சொல்லுங்க. முப்பத்தெட்டு வருசம் பஸ்ஸு பாத்தவரு நீங்க."

ஹோல்கர் புகையிலைப் பொடியை நாக்கால் தள்ளிவிட்டு, வானிலை எப்படி என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் மழை பிடித்தது.

அது சாதாரண மழை இல்லை. வானத்தில் யாரோ ஏரியைக் கவிழ்த்துவிட்ட மழை. அன்றைக்கு ராத்திரியும் விடவில்லை, மறுநாளும் விடவில்லை, அதற்கு மறுநாளும். பன்றிக்குட்டி ஒன்று வாய்க்காலில் மிதந்து பக்கத்து ஊருக்குப் போய், அங்கேயே நல்ல சாப்பாடு கிடைத்ததால் திரும்பி வர மறுத்துவிட்டது. ஹோல்கர் மூன்று நாளும் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பார்த்தார். குன்வோர் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். ராத்திரி மேகம் மூடியே இருந்தது, உறையவில்லை, மஞ்சள் விளக்கு வரவில்லை.

இருபத்தைந்தாம் தேதி காலையில் வெயில். சாலை காய்ந்து, கறுப்பாக, புதுசு மாதிரி கிடந்தது. பக்கத்து ஊர் ஆட்கள் மூன்று பழைய கார்களில் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். ஹோல்கர் சட்டையை மாற்றிக்கொண்டு எவெர்ட் வீட்டுக்கு ஓடினார். அவனுங்க கார் எல்லாம் ஏற்கனவே உப்புக்கண்டம், அவனுங்களப் பாத்து நாம எடுக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே எவெர்ட் கோட்டை மாட்டினார். கோட்டுப் பையில் எப்போதும்போல அதிமதுர மிட்டாய்ப் பொட்டலம். நாற்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிட்டாயைத் தடை செய்தவர், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து கன்னத்தில் ஒன்றை அடக்கிக்கொள்ளாமல் வெளியே கிளம்பியதில்லை.

தீர்ப்புக்கு மூன்று இடம்: எவெர்ட் வீட்டு வளைவு, சர்ச் முன்னால், பாலம். எவெர்ட் ஒவ்வொரு இடத்திலும் சின்ன மெத்தையைப் போட்டு முழங்காலிட்டார். பல் டாக்டர் பஞ்சை எடுத்துச் சாலையைத் துடைத்தார். பஞ்சை நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினார். சர்ச்சுக்கு வந்தவர்கள் அவர் முழங்காலிட்டிருப்பதைப் பார்த்துப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருக்கலாம். ஹோல்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அறுபத்தொன்பது வயது. தன் கல்யாணத்தில் பாதிரியார் கேட்ட கேள்விக்குக் குன்வோர் பதில் சொல்லும்வரைகூட அவர் இப்படி நின்றதில்லை.

"இருக்கு," என்றார் எவெர்ட்.

"நல்லா பாருடா. மூணு நாள் மழ பேஞ்சிருக்கு."

எவெர்ட் இன்னொரு பஞ்சை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் சப்பிப் பார்த்தார்.

"இருக்குடா. நல்லா சுருக்குன்னு இருக்கு. என்ன அவசரம்? பதினோரு வருசம் பொறுத்தவன், இன்னும் ஒரு வாரம் பொறு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஹோல்கர் வாயைத் திறந்தார். எவெர்ட் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில், ஹோல்கருக்குத் தெரியாத வலது ஓரத்தில், ஏதோ ஒரு கார் சர்ரென்று கடந்து போனது. சத்தம் கேட்டுத்தான் அவருக்கு அது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அன்று ராத்திரி நட்சத்திரம் நட்சத்திரமாக வானம் தெளிந்தது. மைனஸ் ஐந்து. விடிய நாலு மணிக்கு மஞ்சள் விளக்கு சுவரைச் சுற்றியது. மறுநாள் ராத்திரியும் அப்படியே.

இருபத்தேழாம் தேதி எவெர்ட்டின் சமையலறையில் காபிக்கு உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி வேலை முடித்துவிட்டு உல்ரிகாவும் வந்திருந்தாள். ஐந்தாவது இலவங்கப்பட்டை ரொட்டியில் இருந்தாள். பச்சைக் கார் இன்னுமா வெளியே வரவில்லை, அந்த மழை முடிந்த அன்றைக்கே எடுத்திருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றாள். எப்படி எடுப்பது, உப்பு இருந்ததே என்றார் எவெர்ட்.

"எந்த உப்பு? பதினாறாந்தேதிக்கு அப்புறம் இருபத்தஞ்சு ராத்திரி வரைக்கும் நான் லாரிய எடுக்கவே இல்ல மாமா. நடுவுல அவ்வளவு மழ. அன்னிக்கு அந்த ரோட்டுல சோத்தப் போட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டிருக்கலாம், ஒரு கல் உப்பு இருந்திருக்காது."

எவெர்ட்டின் தாடை அசைவது நின்றது. கன்னத்தில் அடங்கியிருந்ததை மெதுவாக வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கறுப்பாக, பளபளவென்று, சப்பித் தேய்ந்த அதிமதுர மிட்டாய். இந்த ஊரில் அதை உப்புப் போட்டுத்தான் செய்வார்கள். எவெர்ட் வாங்குவது கடையிலேயே உப்பு அதிகமான ரகம். பொட்டலத்தில் எச்சரிக்கை போட்டிருக்கும்.

உல்ரிகா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். ஆறாவது ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, தூக்கம் வருகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

எவெர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. இது மாதிரி ஒரு முட்டாள்தனம் இந்த ஜில்லாவிலேயே நடந்திருக்காது, யாரிடமும் சொல்லிவிடாதே, அடுத்த மழைக்கு வாயை மூன்று தடவை கொப்பளித்துவிட்டு வருகிறேன் என்றார். ஹோல்கர் சிரிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாளையோட என் லைசென்ஸ் முடியுது எவெர்ட். கண்ணு. இனி கிடையாது."

"நாளைக்கா?"

"நாளைக்கு."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மார்ச்சுல."

எவெர்ட் மிட்டாயைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"தினம் வந்து இந்த நாற்காலியில உக்காந்து என் காப்பியக் குடிச்சிருக்க. அந்தச் சனியன் பிடிச்ச ஏரிக்கு என்னை இழுத்துட்டுப் போயிருக்க. ஒரு வார்த்த சொல்லல. நீ மனுசனாடா? உன்னப் பொளந்தா ஒரு குளிர்காலத்துக்கு விறகு ஆகும்."

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியா?"

எவெர்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கும் வரவில்லை.

"தெரியலடா," என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஹோல்கர் போனபோது ஷெட் கதவுகள் அகலத் திறந்திருந்தன. கார் முற்றத்தில் நின்றது. உள்ளே சுவரில் விதி எழுதிய இடத்தின்மேல் ஒரு பழைய கம்பளிப் போர்வை தொங்கியது. எவெர்ட் காரின் பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இடது பக்கம், ஓட்டுகிறவர் கதவு திறந்து கிடந்தது.

"ஏறு. பாலம் வரைக்கும் போற, அப்புறம் ஏரிய ஒரு சுத்து சுத்தற. வலது பக்கம் என் கண்ணு. ஏதாச்சும் வந்தா கத்தறேன்."

ஹோல்கர் ஏறினார். சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரே தட்டில் பிடித்தது. கிளட்சை அழுத்தி, முதல் கியரைப் போட்டு, முற்றத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தார். முன்சக்கரம் சாலையைத் தொட ஒரு முழம் இருக்கும்போது பிரேக்கில் கால் போனது.

சாலை வெள்ளையாகப் பூத்திருந்தது. விடியற்காலையில் போட்ட உப்பு கரைந்து, வண்டித் தடங்களில் ஈரமாக, எண்ணெய் மாதிரி மினுமினுத்தது. ஒரு பால் லாரி போனது. அதன் பின்னால் உப்புத் தண்ணீர் இடுப்பு உயரத்துக்குப் புகையாக எழும்பி அடங்கியது.

"போடா."

ஹோல்கருக்குக் கதவுக்கு அடியில் இருக்கும் அந்த மடிப்பு ஞாபகம் வந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு எவெர்ட் இரண்டு வருடம் வெல்டிங் வைத்த இடம். பொறி விழுந்து எவெர்ட்டின் சட்டையில் இருந்த ஓட்டைகளை எண்ணினால் மீன்வலைக்கு ஆகும். அந்த மடிப்புக்குள்ளே உப்புத் தண்ணீர் ஒரு தடவை போய்விட்டால் வெளியே வராது. உட்கார்ந்து தின்னும்.

"போன்னா போ. மறுபடி சொத்தை வந்தா நான் அடைச்சுக்கறேன். வேற என்ன வேல இருக்கு எனக்கு?"

காலைத் தூக்க ஹோல்கர் மூன்று தடவை முயற்சி செய்தார். பஸ் டிப்போவில் ஆயிரக்கணக்கான தடவை பிரேக்கை அழுத்தி எடுத்த கால் அது. இப்போது தரைத்தகட்டோடு சேர்த்து எவெர்ட் அதையும் வெல்டிங் வைத்துவிட்ட மாதிரி அசைய மறுத்தது. நேற்று வரைக்கும் அவரைத் தடுத்தது மழை, வானம், லாரி, சுவர், எவெர்ட்டின் நாக்கு. இன்றைக்கு இவற்றில் ஒன்றும் குறுக்கே இல்லை. எவெர்ட் ஊக்கினார், திட்டினார், பல் டாக்டர் குரலில் தைரியம் சொன்னார், கடைசியில் கெஞ்சினார். ஹோல்கர் ரிவர்ஸ் கியரைப் போட்டு மெதுவாகப் பின்னால் வந்தார்.

எவெர்ட்டின் முற்றம் ஷெட்டிலிருந்து வாசல் வரைக்கும் முப்பத்திநாலு மீட்டர். செங்கல் பாவியது, உப்புப் படாதது. ஹோல்கர் அதில் முன்னால் போனார், பின்னால் வந்தார். முன்னால், பின்னால். இருபது தடவைக்கு அப்புறம் எவெர்ட் பேசுவதை நிறுத்தினார். நாற்பதாவது தடவையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்து வேலி ஓரம் உட்கார்ந்தார்கள். குன்வோர் வந்து, ஓடிக்கொண்டிருக்கிற காருக்குள் ஜன்னல் வழியாகக் காபி கொடுத்தாள். அந்த வேகத்தில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஒரே ஒரு தடவை தைரியம் வந்து இரண்டாம் கியர் போட்டார். வலது பக்கத்தில் எவெர்ட் கத்துவதற்குள் பூந்தொட்டி ஒன்று நொறுங்கிவிட்டது. எவெர்ட் இறங்கிப் போய் மட்கார்டைத் தடவிப் பார்த்தார். பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. திரும்பி வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

நூற்றுப்பதினேழு தடவை என்று பக்கத்து வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹோல்கர் என்ஜினை நிறுத்தினார். இன்னும் நாள் முடியவில்லையே, வெளிச்சம் இருக்கிறதே என்றார் எவெர்ட். போதும் என்று சொல்லி ஹோல்கர் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

மே மாதம் ஆறாம் தேதி சாலை சுத்தம். எவெர்ட் வாயை ஏழு தடவை கொப்பளித்துவிட்டு நக்கிப் பார்த்து உறுதி செய்தார். ஆறு கிலோமீட்டரும் காய்ந்து கறுப்பாக, இரண்டு பக்கமும் பிர்ச் மரங்கள் துளிர்விட்டு, கார் ஓட்டுவதற்கென்றே படைத்த நாள். இப்போது எவெர்ட் ஓட்டினார். ஹோல்கர் பக்கத்து சீட்டில் இருந்தார்.

எவெர்ட் நல்ல பல் டாக்டர். ஓட்டுவதும் பல் பிடுங்குகிற மாதிரிதான். கியர் கம்பியைப் பிடித்து ஆட்டி, முறுக்கி, ஒரு இழுப்பில் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார். முதலிலிருந்து இரண்டுக்குப் போகும்போது கியர் பெட்டி முனகியது. ஏற்றத்தில் நாலாம் கியரிலேயே போனார். என்ஜின் மூச்சு வாங்கி, உதறி, ஹோல்கரின் சீட்டுக்கு அடியில் தடதடவென்று அடித்துக்கொண்டது. ஹோல்கரின் இடது காலும் வலது காலும் காலடி விரிப்பை மிதித்து மிதித்து இல்லாத கிளட்சைத் தேடின.

"மூணு போடேன்," என்றார்.

"போகுதே. எதுக்கு மூணு?"

பாலத்துக்கு அப்புறம் சமதரை. மூன்று கிலோமீட்டர் நேர்ச்சாலை, எதிரே ஒரு வண்டி இல்லை. என்ஜின் நாலாம் கியரில் கத்திக்கொண்டே போனது.

"அஞ்சு இருக்குடா," என்றார் ஹோல்கர் மெல்ல.

"இருக்கட்டும். நாலே சூப்பரா இருக்கு. என்ன வண்டிடா கட்டியிருக்க நீ. சும்மா பறக்குது."

எவெர்ட்டின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஹோல்கர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க நினைத்தார். ஜன்னல் அவருக்கு வலது பக்கம். அங்கே பிர்ச் மரங்களுக்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் பார்த்தால் கண்ணில் பளிச்சென்று விழுந்தது எவெர்ட்டின் கையும் அதற்கடியில் சிக்கியிருந்த கியர் கம்பியும்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதிலும் பிரயோஜனம் இல்லை. காது இரண்டும் அவருக்குச் சொக்கத் தங்கம்.